ஏழையின் கைத்துப்பாக்கி

மலிவான சரக்கு மட்டமான சரக்கு என்பது கடைத்தெருவில் நாள்தோறும் காதில் விழும் பேச்சு. குடை வாங்குவோரும் கடிகாரம் வாங்குவோரும் இதனைச் சொல்லிக்கொண்டே மலிவானதை வாங்கிச் செல்கின்றனர். குடை இரண்டு மழைக்குள் கிழிந்துபோனால் நனைவது ஒரு சட்டை. கடிகாரம் நின்றுபோனால் தவறுவது ஒரு வண்டி. ஆனால், பழுதுபட்டால் உயிரையே வாங்கிவிடும் ஒரு பொருளை மலிவாகச் செய்து ஏழைகளிடம் விற்றால், அதன் குற்றத்துக்குப் பொறுப்பாளி யார்? செய்தவனா, விற்றவனா, வாங்கியவனா, பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கமா? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மலிவுக் கைத்துப்பாக்கி நடந்துவந்த வரலாறு நல்லதொரு பாடமாகும் எனக் கருதி, அதனை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

நம் வாசகர்களுக்குக் கைத்துப்பாக்கி திரைப்படத்தில் காணும் பொருளேயன்றி வீட்டில் காணும் பொருளன்று. மலேசியாவில் 1971-ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டிலும் இயற்றப்பெற்ற சட்டங்கள் ஆயுதக் குற்றங்களுக்கு மிகக் கடுமையான தண்டனைகளை விதித்தன. அங்ஙனமிருக்க, இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். துப்பாக்கி வாங்கும் வழியைக் கற்பதற்கன்று. விலையைக் கொண்டு பொருளையும், பொருளைக் கொண்டு மனிதனையும் மதிப்பிடும் வழக்கம் எத்துணைப் பெரிய பிழைகளில் கொண்டுபோய் விடும் என்பதைக் கற்பதற்கே என்பது நமது மறுமொழி.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு துப்பாக்கியை நம்பலாம் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. விசையை அழுத்தும்போது தவறாமல் வெடித்தல் ஒன்று. விசையை அழுத்தாதபோது ஒருகாலும் வெடியாதிருத்தல் மற்றொன்று. வாங்குவோர் முதலாவதையே பெரிதாக எண்ணுகின்றனர். ஆனால், ஒரு வீட்டில் பல்லாண்டு காலம் இருக்கும் துப்பாக்கி, சுடப்படுவது மிக அரிது. மேசையறையிலும் சட்டைப் பையிலும் வாளா கிடப்பதே பெரும்பான்மை. எனவே, இரண்டாவது நம்பிக்கையே வீட்டிலுள்ளோரின் உயிரைக் காப்பது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதனால் விளைந்த கேடுகள் பல.

சாமுவேல் கோல்ட் என்பார் தமது சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றது 1836-ஆம் ஆண்டில். பின்னர், தோட்டாவைப் பின்புறமாக நுழைக்கும்படி உருளையை முழுதும் துளைத்துச் செய்யும் முறைக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855-இல் உரிமை பெற்றார். அவ்வுரிமையை ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தார் தம் கைக்குள் வைத்திருந்ததனால் ஏனையோர் அம்முறையில் துப்பாக்கி செய்ய இயலவில்லை. 1869-இல் அவ்வுரிமை காலாவதியாயிற்று. உடனே, அணை உடைந்த வெள்ளம்போல், நியூ இங்கிலாந்துப் பட்டறைகளிலிருந்து மலிவான சிறு சுழல் துப்பாக்கிகள் புறப்பட்டன. ‘டிஃபெண்டர்’, ‘ப்ளூ ஜாக்கெட்’ என்றெல்லாம் அவற்றுக்கு ஆரவாரமான பெயர்கள் சூட்டப்பெற்றன. கோல்ட் நிறுவனத்தின் 1873-ஆம் ஆண்டுப் பெரிய சுழல் துப்பாக்கி ஏறத்தாழப் பதினேழு டாலர் விலை பெற்ற காலத்தில், இவை ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைத்தன. உலோகம் மென்மை, பொருத்தம் தளர்ச்சி, குறி துல்லியமின்மை. ஆயினும், கூலியாளும் கடைச் சிப்பந்தியும் வாங்கக்கூடிய விலையில் அமைந்த கைத்துப்பாக்கிகள் இவையாம்.

இவ்விடத்தில் வரலாறு ஒரு திருப்பம் பெறுகிறது. உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து, அடிமைத்தளையினின்றும் நீக்ரோ மக்கள் விடுபட்டனர் என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால், அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே மிஸிஸிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர் அதிகாரிகளின் அனுமதிச்சீட்டின்றி எவ்வகைத் துப்பாக்கியும் வைத்திருத்தல் கூடாதென்று சட்டம் செய்தது. தோலின் நிறத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்த வெட்கக்கேடு அது. 1868-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம், சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்று விதித்த பிறகு, அங்ஙனம் வெளிப்படையாக எழுத வழியில்லாமற் போயிற்று.

வழியில்லை என்றால் அதிகாரம் படைத்தோர் ஓய்ந்துவிடுவரோ? 1879-ஆம் ஆண்டில் டென்னஸி மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. தரைப்படை, கடற்படைகளில் வழங்கும் பெரிய கைத்துப்பாக்கிகளை அன்றி, வேறு எந்தச் சிறு கைத்துப்பாக்கியையும் விற்றலாகாது என்பது அதன் சாரம். 1881-இல் ஆர்க்கன்ஸா மாநிலமும் அதனைப் பின்பற்றிற்று. இச்சட்டங்களில் கறுப்பர் என்ற சொல்லே இல்லை. வெள்ளையர் என்ற சொல்லும் இல்லை. ஆனால், படைத் துப்பாக்கி யாரிடம் இருந்தது? போரில் ஈடுபட்டுத் திரும்பிய வெள்ளையரிடம் இருந்தது. விலை கொடுக்க வல்ல பண்ணை முதலாளியிடம் இருந்தது. ஒன்றிரண்டு டாலர் துப்பாக்கியையே வாங்க இயன்றவர் யார்? நேற்று விடுதலை பெற்ற கறுப்பரும், நிலமற்ற ஏழை வெள்ளையருமே. சிறு துப்பாக்கியால் நிகழ்ந்த கொலைகளை ஒடுக்குவதே சட்டத்தின் நோக்கம் என்பாரும் உளர். நிறவெறியே உள்நோக்கம் என்பாரும் உளர். நோக்கம் எதுவாயினும், விளைவு ஒன்றுதான். இன்னார் வைத்திருக்கலாகாது என்று சொல்ல அஞ்சிய கை, இவ்விலைக்குக் குறைந்தது கூடாது என்று எழுதிற்று. கோயில் வாயிலில் பெயர்ப்பலகை வைத்து ஒருவனைத் தடுப்பதற்கும், அவனால் கொடுக்க இயலாத கட்டணத்தை வைத்துத் தடுப்பதற்கும் உள்ள வேற்றுமை எவ்வளவு? தடுக்கப்பட்டவன் இருவிடத்தும் வெளியேதான் நிற்கிறான்.

இது கேட்டு, மலிவுத் துப்பாக்கியே ஏழையின் உரிமைச் சின்னம் என்று எவரும் முடிவுகட்டிவிட வேண்டா. ஏழைக்குப் பொருள் வேண்டும் என்பது ஒன்று. ஏழைக்குக் கேடான பொருளும் போதும் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம்.

நார்வே நாட்டிலிருந்து குடியேறிய ஐவர் ஜான்சன் என்பார் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் மலிவுத் துப்பாக்கிகள் செய்து விற்றவர். பழைய சுழல் துப்பாக்கிகளில், பின்னாலுள்ள குதிரை எனப்படும் உறுப்பே தோட்டாவின் அடியைத் தாக்கும். தோட்டா நிறைந்த அறையின்மேல் குதிரை படிந்திருக்கும்போது துப்பாக்கி கை தவறிக் கல்லில் விழுந்தால், குதிரையில் பட்ட அடி தோட்டாவில் பாய்ந்து வெடித்துவிடும். புகழ்பெற்ற கோல்ட் துப்பாக்கிக்கும் இக்குறை உண்டு. அதனாலேயே அறிந்தோர் ஆறு அறைகளுள் ஐந்தில் மட்டும் தோட்டா இட்டு, வெற்றறையின்மேல் குதிரையைப் படிய வைப்பர். 1890-களில் ஐவர் ஜான்சன் நிறுவனத்தார் செய்த துப்பாக்கியிலோ, குதிரை ஊசியை நேரே தொடாது. விசையை முழுதும் அழுத்தினால் மட்டுமே ஒரு சிறு இடைத்தண்டு மேலெழுந்து, குதிரையின் அடியை ஊசிக்குக் கடத்தும். விசையில் விரல் இல்லையேல் இடைத்தண்டும் இல்லை, வெடிப்பும் இல்லை. குதிரையின்மேல் சுத்தியலால் அடித்துப் பாருங்கள் என்றே அந்நிறுவனத்தார் விளம்பரம் செய்தனர்.

பதினேழு டாலர் துப்பாக்கியில் இல்லாத காப்பு, சில டாலர்த் துப்பாக்கியில் இருந்தது! ரூகர் நிறுவனத்தார் தம் மேனாட்டுப் பாணிச் சுழல் துப்பாக்கிகளில் இத்தகைய இடைத்தண்டை அமைத்தது 1973-இல்தான். விலை உயர்ந்ததெல்லாம் பத்திரம், விலை தாழ்ந்ததெல்லாம் ஆபத்து என்னும் குருட்டு நம்பிக்கைக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுமோ? ஆனால், நேர்மையாக மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி பஃபலோ நகரில் அமெரிக்கத் தலைவர் மக்கின்லியைச் சுட்டது அதே நிறுவனத்தின் துப்பாக்கியே. கை தவறினால் வெடியாதபடி கருவியைச் செய்யலாம். மனம் தவறினால் வெடியாதபடி செய்ய எந்தப் பட்டறையாலும் இயலாது.

மலிவின் எல்லையைக் கண்டது இரண்டாம் உலகப் போர். 1942-ஆம் ஆண்டில், எதிரியின் பிடியில் சிக்கிய நாடுகளின் மக்களுக்கு ஆகாயத்திலிருந்து போடலாம் என்று கருதி, ‘லிபரேட்டர்’ எனப்பட்ட ஒரு கைத்துப்பாக்கியை அமெரிக்கர் செய்தனர். மோட்டார் வண்டிகளுக்கு விளக்குச் செய்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ் கிளைத் தொழிற்சாலை, இண்டியானாவில் ஆண்டர்ஸன் என்னும் ஊரில், ஏறத்தாழ 11 வாரங்களில் பத்து லட்சம் துப்பாக்கிகளை அடித்துத் தள்ளிற்று. தகட்டை அழுத்திச் செய்த உடல், உட்புறத்தில் சுழல்வரி இல்லாத குழல், உறுப்புகள் 23, அடக்க விலை இரண்டு டாலருக்குச் சற்று மேல். ஒரு முறை சுட்டபின், வெற்றுக்கூட்டை ஒரு மரக்குச்சியால் குத்தித் தள்ளி மறுதோட்டா இட வேண்டும். சில கஜ தூரத்துக்கு அப்பால் குறி தப்பும். எழுத்தறியாதவரும் அறியும்படி சொல்லின்றிப் படங்களாலேயே வழிகாட்டுத்தாள் அச்சிட்டு உடன் வைத்தனர்.

இதனை மட்டம் என்று இகழலாமா? ஒரே ஒரு குண்டால் ஒரு காவலனை வீழ்த்தி அவனுடைய நல்ல துப்பாக்கியைக் கைப்பற்றுதல் என்னும் ஒரே வேலைக்காக அது செய்யப்பட்டது; அதற்குமேல் எதையும் அது வாக்களிக்கவில்லை. சீனத்துக்கும் பிலிப்பைன் தீவுகளுக்கும் ஒரு பகுதி சென்றது. பெரும்பகுதி போருக்குப் பின் அழிக்கப்பட்டது. ஒரு கருவியைக் குறை கூறுமுன், அது எதைச் செய்வதாகச் சொல்லி விற்கப்பட்டது என்று கேட்க வேண்டும். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியே மோசடியின் அளவு.

அவ்விடைவெளி பெருகியது பிற்காலத்தில். 1960-களில் அயல்நாடுகளிலிருந்து வந்து குவிந்த மலிவுக் கைத்துப்பாக்கிகளை அமெரிக்கர் ‘சனிக்கிழமை இரவுச் சரக்கு’ என்று ஏளனமாக அழைத்தனர். கென்னடி சகோதரர் இருவரும் மார்ட்டின் லூதர் கிங் அவர்களும் சுடப்பட்டு மாண்ட துயரத்துக்குப்பின், 1968-ஆம் ஆண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. விளையாட்டுக்குப் பயன்படாத துப்பாக்கிகளின் இறக்குமதியை அது தடுத்தது. ஆனால், உள்நாட்டில் அதே மட்டத்தில் செய்வதைத் தடுக்கவில்லை. வேலியின் ஒரு பக்கத்தை மட்டும் அடைத்தால் ஆடு மறுபக்கம் நுழையாதா? 1970-இல் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் கலிபோர்னியாவில் ‘ரேவன்’ என்னும் சிறு துப்பாக்கியைச் செய்யத் தொடங்கினார். அவரை ஒட்டி உறவினரும் நண்பரும் லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றிப் பல பட்டறைகள் கண்டனர். 1992-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட கைத்துப்பாக்கிகளுள் மூன்றில் ஒரு பங்களவு இவர்கள் செய்தது. மருத்துவப் பேராசிரியர் கேரன் வின்டமியூட் 1994-இல் இவற்றை ஆராய்ந்து ‘நெருப்பு வளையம்’ என்று பெயரிட்டார்.

இவை மலிவானதற்குக் காரணம், எஃகுக்கு மாறாகத் துத்தநாகக் கலவையை வார்ப்பில் ஊற்றிச் செய்ததே. துத்தநாகத்துடன் அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவை கலந்த அவ்வுலோகம் குறைந்த சூட்டில் உருகி அச்சில் நுணுக்கமாகப் பரவும். கடைசல் வேலை மிகவும் குறையும். ஆனால், எஃகைப்போல் அடி தாங்காது. தானே தோட்டா ஏற்றும் கைத்துப்பாக்கியிலோ, ஒவ்வொரு வெடிக்கும் மேற்கூடு பின்னே ஓடி, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, முன்னே வந்து, புதுத் தோட்டாவை அறைக்குள் தள்ள வேண்டும். இவையனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டும். தோட்டாக் கூட்டின் விளிம்பு இம்மியளவு வளைந்திருந்தாலும், வில்லின் வலிமை சற்றுத் தளர்ந்தாலும், தோட்டா குறுக்கே சிக்கிக்கொள்ளும். விலை குறைக்க வேண்டுமெனில் முதலிற் குறைவது இந்நுணுக்கங்களும், அவற்றைப் பார்த்துத் தள்ளும் பரிசோதகனின் கூலியுமே.

இக்குறையைச் சட்டம் எவ்வாறு எதிர்கொண்டது? தென் கரோலினா, இல்லினாய்ஸ், ஹவாய் முதலிய மாநிலங்கள், 800 பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் குறைந்த சூட்டில் உருகும் துத்தநாக வார்ப்புத் துப்பாக்கிகளைத் தடை செய்தன. அது ஏறத்தாழ 427 பாகை சென்டிகிரேடு. துத்தநாகக் கலவை 385 பாகையளவில் உருகிவிடும். இது விஞ்ஞானம்போல் தோன்றும்; ஆனால் எண்ணிப் பாருங்கள். எவர் வீட்டில் துப்பாக்கி அத்தனைச் சூட்டில் கிடக்கிறது? உருகுநிலை, துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்குமா என்பதையும் சொல்லாது. அழுத்தினால் வெடிக்குமா என்பதையும் சொல்லாது. 1982-இல் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட குளோக் துப்பாக்கியின் உடல் பிளாஸ்டிக். அதுவோ துத்தநாகத்தினும் குறைந்த சூட்டில் இளகுவது. ஆயினும் உலகெங்கும் காவற்படைகள் அதனை நம்பின. உருகுநிலைச் சட்டம் நம்பிக்கையை அளக்கவில்லை, மலிவை அளந்தது. டென்னஸிச் சட்டத்தின் நிழல் நூறாண்டு கடந்தும் நீண்டிருந்தது என்க.

மேரிலாந்து மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1985-இல் வேறொரு வழி சென்றது. மலிவுத் துப்பாக்கியால் சுடப்பட்டுக் காயமுற்ற ஒருவர் தொடுத்த வழக்கில், அத்தகைய சரக்கைச் செய்தோரும் விற்றோரும் நட்ட ஈட்டுக்குப் பொறுப்பாவர் என்று தீர்ப்பளித்தது. 1988-இல் சட்டமன்றம் அப்பொறுப்பை நீக்கிவிட்டு, விற்கத் தகுந்த துப்பாக்கிகளைப் பட்டியலிட ஒரு குழுவை அமைத்தது; மக்கள் வாக்கெடுப்பிலும் அது நிலைபெற்றது. நாடு முழுதுக்குமான ஏற்பாடோ இதற்கு நேர்மாறு. பொருள்களால் மக்களுக்குக் கேடு வராமற் காக்க 1972-இல் நிறுவிய நுகர்பொருட் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கியின்மேல் அதிகாரமே கொடுக்கப்படவில்லை. குழந்தையின் விளையாட்டுத் துப்பாக்கியைச் சோதிக்கலாம். தந்தையின் உண்மைத் துப்பாக்கியைச் சோதித்தலாகாது! பகுத்தறிவுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டோ?

அவமதிப்புக்கு விலை கொடுத்தவன் ஒரு சிறுவன். 1994-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், ஒரு வீட்டிலிருந்த ‘பிரைகோ’ துப்பாக்கியிலிருந்து தோட்டாவை அகற்ற ஓர் இளைஞர் முயன்றார். அத்துப்பாக்கியில், அறையிலுள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டுமெனில் காப்புப் பூட்டை முதலில் விடுவித்தாக வேண்டும். அபாயத்தை நீக்குவதற்காக அபாயத்தைத் திறந்துவிடச் சொல்லும் அமைப்பு அது. துப்பாக்கி வெடித்தது, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழ் உணர்விழந்தான். 2003-இல் ஜூரிகள் அமைப்பு குறையுடையதென்று கண்டு, செய்தோர், விற்றோர் முதலியோரின் பங்காக ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் டாலர் விதித்தனர்; துப்பாக்கியைக் கையாண்டவர் முதலிய மற்றவர்மீதும் ஒரு பகுதிப் பொறுப்பைச் சுமத்தினர். நிறுவனமோ திவாலாயிற்று. 2004-இல் அதன் சரக்கும் கருவிகளும் ஏலத்துக்கு வந்தபோது, அவற்றை வாங்கி உருக்கி அழிக்க வேண்டுமென்று அச்சிறுவன் தரப்பினர் பணம் திரட்டிக் கேட்டனர். 510,000 டாலருக்கு அதனை ஏலத்தில் எடுத்தவர் அத்தொழிற்சாலையின் பழைய மேற்பார்வையாளர். வேறு பெயரில் துப்பாக்கித் தொழில் மீண்டும் தொடங்கிற்று.

இத்தனை இருளிலும் ஒரு நல்ல விளக்கு ஏற்றப்பட்டது. கலிபோர்னியா 1999-இல் நிறைவேற்றி 2001 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், விலையையும் கேட்கவில்லை, உருகுநிலையையும் கேட்கவில்லை. ஒவ்வொரு வகையிலும் மூன்று துப்பாக்கிகளைச் சோதனைக்கு வை. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து சிமிட்டித் தளத்தில் ஆறு விதமாகப் போடு, வெடித்தலாகாது. 600 தோட்டாக்கள் சுடு, முதல் இருபதில் ஒரு தடங்கலும் கூடாது, மொத்தத்தில் ஆறு தடங்கலுக்கு மேல் ஆகாது என்று அது விதித்தது. நாம் முதலிற் கூறிய இரண்டு நம்பிக்கைகளையும் தனித்தனியே சோதித்த முறை இது. பிறப்பையும் பெயரையும் பாராது, செயலைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் முறை.

மலிவும் பொறுப்பும் கூடி வாழ இயலும் என்பதற்கும் சான்றுண்டு. ஒஹையோ மாநிலத்து ‘ஹைபாயிண்ட்’ துப்பாக்கியும் துத்தநாக வார்ப்பே. இருநூறு டாலருக்குக் குறைவாகப் பல்லாண்டு விற்றது. பலவீனமான உலோகத்தை நுட்பமாகக் காட்டி ஏமாற்றாமல், மேற்கூட்டைப் பருமனாகவும் கனமாகவும் அமைத்தனர். பார்ப்பதற்கு அழகின்மை அதன் விலை. யார் கையில் இருப்பினும் பழுதை இலவசமாகச் சீர்செய்து தருவோம் என்று வாக்களித்தனர். அழகைக் குறைத்து மலிவாக்கலாம். காப்பைக் குறைத்து மலிவாக்கலாகாது.

இன்னும் ஒன்று கூற வேண்டும். குறையே இல்லாத துப்பாக்கியாயினும் அது இருக்கும் வீடு பத்திரமானதா? 1993-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆராய்ச்சி, துப்பாக்கியுள்ள வீட்டில் கொலைக்கு ஆளாகும் அபாயம் மிகுதி என்று காட்டிற்று. அதன் முறையைப் பற்றிப் பெருவிவாதம் எழுந்தது உண்மையே; ஆனால், கேள்வி இன்னும் அவிந்துபோகவில்லை.

அன்பர்களே! ஏழை மலிவானதை வாங்குவது குற்றமன்று. அவனுக்கு வேறு வழியில்லை. அவன் வாங்குவதையெல்லாம் மட்டம் என்று ஒதுக்குவது செல்வரின் செருக்கு. அவனுக்கு இது போதும் என்று கேடானதை விற்பது வணிகரின் கொடுமை. இவ்விரண்டுக்கும் நடுவே கைகட்டி நிற்பது அரசின் துரோகம். மருந்தாயினும், மின்கருவியாயினும், பிள்ளைகள் உண்ணும் தின்பண்டமாயினும், நாம் கேட்க வேண்டுவது இதன் விலை என்ன என்பது மட்டுமன்று. இதனைச் சோதித்தவர் யார் என்பதுமாகும். அக்கேள்வியை ஏழையும் தலைநிமிர்ந்து கேட்கும் நாளில்தான் அவன் கையிலுள்ள பொருளுக்கும் மதிப்பு வரும்.